பிரித்த தையல்

எங்கள் லேபில் குருவுக்கு நாற்பத்திரண்டு வயது, சிஷ்யனுக்கு நாற்பத்தெட்டு.

குரு, டாக்டர் தையல்நாயகி. மூளை ரத்தக்குழாய் ஆராய்ச்சிக்குத் தலைவி. பேரிலேயே தையல் இருக்கிறதே என்று மதுரையே கேலி செய்து ஓய்ந்துவிட்டது. சிஷ்யன், டாக்டர் சூசைராஜ். தூத்துக்குடிப் பக்கம் பதினைந்து வருஷம் தலைக்காயம் பார்த்துவிட்டு, நுண்தையல் கற்க வந்தவர். அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரை சார் என்பார்.

நான் பஞ்சவர்ணம், லேப் டெக்னீஷியன். தினமும் பன்னிரண்டு கோழி இறக்கை வாங்கி வருவது என் வேலை. "ஓட்டல் ஏதும் வச்சிருக்கியாக்கா?" என்று கறிக்கடைக்காரர் கேட்காத நாளில்லை. இறக்கைக்குள் ஓடும் ரத்தக்குழாய் ஒரு மில்லிமீட்டர் இருக்கும். மூளைமேல் ஓடுவதும் அவ்வளவுதான். அதை வெட்டி, தலைமுடியைவிட மெல்லிய நூலால், மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சேர்த்துத் தைக்க வேண்டும்.

நன்றாக வந்த தையலை சூசைராஜ் சார் பாட்டிலில் போட்டு ஷெல்பில் அடுக்குவார். எட்டு மாசத்தில் எண்பது பாட்டில் சேர்ந்திருந்தது. யார் வந்தாலும் காட்டுவார். கெட்டது குப்பைக்கு.

ஒருநாள் காலையில் கேட்டேவிட்டார்.

"மேடம், என் கை எப்போ தயாராகும்?"

"என்ன சார் அவசரம்?"

"இசக்கியம்மாள் காத்திருக்காங்களே."

இசக்கியம்மாள் கபடி நடுவர். விசில் ஊதினால் இடது கை துவண்டுவிடும், வாய் கோணும். பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும். மூளைக்குப் போகும் குழாய் சுருங்கிக்கொண்டே வந்தது. மூச்சை வேகமாக விட்டால் இருக்கிற ரத்தமும் குறைந்துபோகும். என்றைக்காவது ஒருநாள் விழுந்த கை எழுந்திருக்காது. தலைத்தோலில் ஓடும் குழாய் ஒன்றை மூளைக் குழாயோடு தைத்துவிட்டால் தப்பித்தாள். அதுவரை விசிலை வாங்கி வைத்துக்கொண்டு மருந்தில் நிறுத்தியிருந்தோம்.

சார் அப்போதுதான் தைத்து முடித்த குழாயில் மேடம் சிவப்பு மையை ஏற்றினார். மை தையல்வரை போய் நின்றுவிட்டது.

"தையல் ரொம்ப அழகு சார். ஆனா போகலையே."

ஊசி முன்சுவரோடு பின்சுவரையும் சேர்த்துப் பிடித்திருந்தது. வெளியே பார்த்தால் குறையே தெரியாது. சார் முகம் சுருங்கிப்போய் அதை வெட்டிக் குப்பையில் போட்டார், அடுத்த இறக்கையை எடுத்தார்.

மேடம் கையுறையை மாட்டிக்கொண்டு குப்பைக்கூடைக்குள் கையை விட்டார். நான் ஓடினேன். "நான் எடுக்கிறேன் மேடம்."

"இருக்கட்டும்." அதை எடுத்துக் கழுவி, ஒரு காலி பாட்டிலில் போட்டார். பிறகு ஷெல்பைக் காட்டினார். "பஞ்சவர்ணம், இந்த எண்பதையும் கொட்டிடு."

"எட்டு மாச உழைப்பு மேடம்," என்றார் சார்.

"தெரியும் சார்."

எனக்கு அந்த அம்மா மேல் பொல்லாத கோபம். ஆனாலும் கொட்டினேன்.

மறுநாளிலிருந்து கெட்டது மட்டும் பாட்டிலுக்குப் போனது. சார் ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பிளந்து உள்ளே பார்த்து எழுதினார். முதல் வாரம் டீகூடக் குடிக்கவில்லை. ஆறு வாரத்தில் அறுபத்தொரு பாட்டில் சேர்ந்தது. அதில் நாற்பத்தெட்டு, போடுகிற பத்துத் தையலில் எட்டாவதில் கெட்டிருந்தது.

"முடியப்போகுதுங்கிற சந்தோஷத்துல கை ஆழமாப் போயிடுது மேடம்," என்றார் வெட்கத்தோடு.

"அப்புறம்?"

"கடைசி ரெண்டு முடிச்சைப் போடாம விட்டு, உள்ளே பாத்துட்டு அப்புறம் போடறேன்."

"வர்ற வியாழக்கிழமை இசக்கியம்மாளுக்கு வச்சுக்கலாம்," என்றார் மேடம்.

ஆபரேஷனைப் படம்பிடிக்கிற வேலை எனக்கு. மூளைக் குழாயைக் கிளிப் போட்டு அடைத்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. சார் எட்டாவது தையலைப் போட்டு முடிச்சிட்டார். ஒன்பதும் பத்தும் தளர்வாகக் கிடந்தன. உள்ளே பார்த்தவர் கையை நிறுத்தினார்.

"பின்சுவர் மாட்டியிருக்கு."

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், என் இடத்துல நீங்க உட்காருங்களேன்."

"அறுபத்தொரு தடவை உள்ளே பாத்தவர் நீங்கதான் சார். நான் இல்ல."

சார் ஒரு நிமிஷம் கையை ஓய வைத்தார். பிறகு எட்டாவது தையலை வெட்டி, நூலை உருவி எடுத்தார். மறுபடி தைத்தார். உள்ளே பார்த்தார். கடைசி இரண்டுக்கும் முடிச்சுப் போட்டு, கிளிப்பை எடுத்தார்.

வெளுத்துக் கிடந்த குழாய் சிவந்து துடித்தது. ரத்த ஓட்டத்தைக் கேட்கும் கருவியை மேலே வைத்ததும், உஷ், உஷ் என்று தியேட்டர் முழுக்கக் கேட்டது. என் மாஸ்க் நனைந்துவிட்டது. படம் கொஞ்சம் ஆடியிருந்தால் அதற்கு நான்தான் காரணம்.

மூன்று மாசம் கழித்து இசக்கியம்மாள் செக்கப்புக்கு வந்தாள். ஸ்கேனில் புதுக்குழாய் நன்றாகத் திறந்திருந்தது. வாங்கி வைத்த விசிலைத் திருப்பிக் கொடுத்தோம்.

"ஊதவா சார்?"

சார் மேடத்தைப் பார்த்தார்.

"ஊதும்மா," என்றார் மேடம்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் நின்று, இடது கையைப் பாயின்ட் கொடுப்பதுபோல் உயர்த்தி, நீளமாக ஊதினாள். "யாருய்யா அது ஆஸ்பத்திரியில?" என்று வாட்ச்மேன் ஓடி வந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை ஊதினாள். கை இறங்கவேயில்லை. அவளே தன் கையை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். சார் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

லேபுக்குத் திரும்பியதும் சார் மெதுவாகக் கேட்டார்.

"மேடம், அன்னைக்குக் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலை. என் கை எப்போதான் தயாராச்சு?"

மேடம் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து அவர் கையில் வைத்தார். காலி பாட்டில் என்றுதான் நான் நினைத்தேன். வெளிச்சத்தில் பிடித்தபோது, அடியில் துளியளவு கறுப்பு நூல் கிடந்தது. ஆபரேஷன் தேதி எழுதி ஒட்டியிருந்தது.

"இதைப் பிரிச்சப்போ சார்," என்றார் மேடம்.