எல்லோரும் வந்தான்

ராஜா தும்மினால் சபையே தும்முகிற ஊர் ஒன்று இருந்தது. பூவரசங்காடு என்று பெயர். ராஜா செம்பியராயர் இடது கையால் மீசையை முறுக்கினால் மந்திரியும் இடது கையால்தான் முறுக்குவார். மீசை முளைக்காத சேனாதிபதி காற்றை முறுக்குவார். அதற்கு அங்கே மரியாதை என்று பெயர்.

அந்த ராஜாவுக்கு இரட்டைக் குழந்தைகள். பையன் இளங்கோமான், பெண் அல்லியரசி. ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதர்கள் வந்து இறங்கினார்கள். குழந்தைகள் குதித்துக்கொண்டு சபைக்குள் ஓடிவந்தன.

"அப்பா, எல்லோரும் வந்தான். ஒவ்வொருவரும் மாலை கொண்டுவந்தான்."

பின்னாலேயே வந்த தூதர்களின் முகம் சுருங்கிவிட்டது. கொண்டுவந்த மாலைகளோடு அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. இலக்கணம் சொல்லித்தரும் நல்லாதனார்தான் குற்றவாளி என்றார். கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, மறுநாள் காலை கழுதைமேல் ஊர்வலம் விடச் சொன்னார்.

பாவம் அந்த மனிதர். 'எல்லோரும்' என்றால் 'வந்தார்கள்', 'ஒவ்வொருவரும்' என்றால் 'வந்தார்' என்று தொண்டை வற்றக் கத்தியவர்தான். பாடம் நடக்கும்போது குழந்தைகள் கிளிபோலச் சரியாகச் சொல்லும். அரண்மனைக்குள் போய்த் திரும்பினால் மறுபடியும் 'வந்தான்'தான். அவர் சபையின் விதூஷகன் விடங்கனைத் தேடிப்போய் அழுதார். விடங்கன் நேரே ராஜாவிடம் போனான்.

"அரசே, தப்பைக் கற்றுக்கொடுத்தது வேறு ஆளாக இருந்தால்?"

"யாராக இருந்தாலும் கழுதைதான்."

மறுநாள் சபை கூடியது. நல்லாதனார் ஒரு தூணைக் கட்டிக்கொண்டு நின்றார். இப்படிப் பேசக் கற்றுக்கொடுத்தது யார் என்று விடங்கன் குழந்தைகளைக் கேட்டான். சமையற்காரரைக் காட்டின. அவர் வாசல் காவலனைக் காட்டினார். காவலன் சேனாதிபதியைக் காட்டினான். சேனாதிபதி மந்திரியைக் காட்டினார். மந்திரிக்குக் கை காட்ட ஆளில்லை. இருந்த ஓர் ஆளைக் காட்டத் தைரியமில்லை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ராஜாவுக்குப் பொறுமை போய்விட்டது. சிம்மாசனத்தின் கையைத் தட்டினார்.

"கேட்டது காதில் விழவில்லையா? எல்லோரும் ஏன் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான்?"

குழந்தைகள் கை தட்டின.

"அப்பா சரியாச் சொல்லிட்டார்!"

ராஜாவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. மரியாதைக்காகச் சபையும் வாயைத் திறந்துகொண்டது. பிறந்தது முதல் யாரையும் 'அவன்' என்றே சொல்லிப் பழகிய தன் நாக்கு, ஊரையே கெடுத்திருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தால் விடங்கனைக் காணோம். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"எங்கே போனாய்?"

"லாயத்துக்கு, அரசே. கழுதை தயார். பட்டத்து யானையின் அம்பாரிதான் அதற்குக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மந்திரி நிஜமாகவே விழுந்தார். நல்லாதனாருக்கு முத்துமாலை, விடங்கனுக்குப் பட்டுச் சால்வை. அன்று முதல் நல்லாதனாரின் வகுப்பில் மூன்று பேர், அதில் ஒருவருக்கு மீசை.

முதல் பாடம் முடிந்து சபைக்கு வந்த ராஜா, ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவிக் கேட்டார்.

"எல்லோரும் வந்தார்களா?"

"வந்தார்கள், அரசே" என்றான் விடங்கன். "நீங்கள் மறந்துவிட்டால் என்ன செய்வது என்று, கழுதையையும் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன்."