முகம் பார்க்காத பாவை

எல்லாரும் கிட்ட வந்து உட்காருங்கள். பாதியில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள், ஏனென்றால் இந்தக் கதையைப் பாதியில் விட்டவர்களுக்குத் தூக்கம் வராது. அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது.

ஏழு ஊருக்கும் ஒரே ஏரி இருந்த காலத்தில், மருதவேந்தன் என்றொரு ராஜா இருந்தான். கெட்டவன் இல்லை, சோம்பேறியும் இல்லை. ஆனால் ஒரே ஒரு விஷயத்துக்குப் பயப்படுவான். வாசல் கேள்விக்கு.

அதென்ன வாசல் கேள்வி என்கிறீர்களா? அந்த நாட்டு வழக்கம் அது. ராஜா ஒருவனுக்கு மரண தண்டனை கொடுத்தால், செத்தவனின் சொந்தக்காரர் மூன்று நாள் காலையில் அரண்மனை வாசலில் வந்து நின்று, "ஏன்?" என்று கேட்கலாம். ராஜா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெளியே வந்து, கேட்டவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதனாலேயே அந்த நாட்டில் தலைகள் அதிகம் உருண்டதில்லை.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஏரித் தண்ணீரைத் திருட ஆரம்பித்தார்கள். ராஜா ஒருவனைக் கொல்லச் சொன்னான். அவனைப் பெற்ற கிழவர் வாசலுக்கு வந்தார். முதல் நாள் கேட்டார். இரண்டாம் நாள் கேட்டார். மூன்றாம் நாள் ஒன்றுமே கேட்காமல் ராஜாவைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"இனி யாரும் என்னை அப்படிப் பார்க்கக்கூடாது" என்றான் ராஜா. கொல்லன் மலையாண்டியை அழைத்து, தானே அசைந்து ஏரியைக் காவல் காக்கும் ஒரு வெண்கலப் பாவை வார்க்கச் சொன்னான். அதற்கு விதி வகுத்தவர் அமைச்சர் அறவாழி. மடையைத் திறப்பதும் பாவை, அடைப்பதும் பாவை. வேறு யாராவது கருவியோடு மடைப்பக்கம் வந்தால் அவன் திருடன், வெட்டு. அவ்வளவுதான் விதி.

இரண்டு ஆள் உயரம். படிகக் கண். கையில் ஒரு வாள். தலை திரும்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாவை வந்த பிறகு ஏரிக்கரையில் கொக்குகூட உட்காரவில்லை. முதல் மாதம் இரண்டு பேர் போனார்கள். சொந்தக்காரர்கள் வாசலுக்கு வந்தபோது, "நான் எங்கே கொன்றேன்? பாவையல்லவா கொன்றது!" என்று உள்ளேயிருந்தே சொல்லி அனுப்பினான் ராஜா. அன்று இரண்டு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டான், மகராசன்.

அந்த ஏரிக்கு முப்பது வருஷமாகக் கரைக்காவல் ஒச்சன். அவன் தங்கை அணஞ்சாள். இரண்டு பேருக்கும் வேறு நாதியில்லை. அடுத்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. மடையை ஒட்டி ஒரு நண்டு வளை வழியாக நீர் கசிவதை ஒச்சன் பார்த்தான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

"அண்ணே, அங்கே அது நிக்குதே!" என்றாள் அணஞ்சாள்.

"அடப் போ புள்ள! அதை நிறுத்தக் குழி வெட்டினதே நான்தான். என்னைத் தெரியாதா அதுக்கு?"

அதுக்குத் தெரியவில்லை.

ஊரார் வெறுங்கையோடு போய் உடலைத் தூக்கி வந்தார்கள். காரியம் முடிந்த மறுநாள் அணஞ்சாள் அரண்மனை வாசலில் நின்று, "ஏன்?" என்று கேட்டாள். "நானில்லை, பாவை" என்று ராஜா சொல்லி அனுப்பினான். அமைச்சர் வீட்டுக்குப் போனாள். "நான் விதிதானம்மா சொன்னேன், வாளைத் தொட்டதேயில்லை" என்றார் அவர். கொல்லன் பட்டறைக்குப் போனாள். "சொன்னதைச் செஞ்சு கொடுத்தேன் தாயி, நான் கூலிக்காரன்" என்று மலையாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அண்ணன் செத்திருக்கிறான். கொன்றவர் யாருமில்லை. இது என்ன கூத்து! வயிறெரிய அவள் ஏரிக்கே போனாள்.

பாவையின் முன்னால் நின்று, "ஏன்?" என்று கேட்டாள். அசைவில்லை. இரண்டாம் தடவை கேட்டாள். படிகக் கண்ணில் மழைத் தண்ணீர் வழிந்தது, அவ்வளவுதான். மூன்றாம் தடவை கத்தியே கேட்டாள். தன் குரல்தான் தண்ணீரில் பட்டுத் திரும்பி வந்தது.

காலடியில் ஒச்சனின் மண்வெட்டி கிடந்தது. குனிந்து தூக்கினாள். டக். பெரிய தலை அவள் பக்கம் திரும்பியது. வாள் எழுந்தது. பதறிப்போய்க் கீழே போட்டாள். தலை பழையபடி திரும்பிக்கொண்டது.

அது அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. கையில் மின்னிய இரும்பைத்தான் பார்த்தது.

அணஞ்சாள் முந்தானையைக் கிழித்து இரும்பு தெரியாமல் போர்த்தி, மண்வெட்டியைத் தூக்கினாள். சத்தமில்லை. வரும் வழியில் நண்டு வளையைப் பார்த்தாள். அது இப்போது ஒரு பானை நுழையும் அளவுக்குப் பெரிதாகியிருந்தது. கீழே ஏழு ஊர். கரை உடைந்தால் ஒரு வீடு மிஞ்சாது.

ஓடினாள். அரண்மனைச் சபை நடுவில் மண்வெட்டியைப் போட்டாள். கொல்லனும் அன்று அங்கே இருந்தான்.

"கரை உடையப்போகுது. எங்க அண்ணனை யாரும் கொல்லலைன்னா, யாரும் பயப்பட வேண்டியதில்லையே. இதை எடுத்துக்கிட்டு வாங்க, அடைப்போம்."

அமைச்சர் ஒரு அடி பின்னால் போனார். கொல்லன் இரண்டு அடி போனான். ராஜா மட்டும் கையை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது.

"ஏன் ராசா?"

"அது என்னை வெட்டிவிடும்."

"உங்களைக்கூடத் தெரியாதா அதுக்கு?"

ராஜா தலை குனிந்தான். "தெரியாது. யாரையும் தெரியக்கூடாது என்றுதான் செய்யச் சொன்னேன்."

அணஞ்சாள் அதற்கு மேல் வாதாடவில்லை, நேரமில்லை. "இரும்பு வேண்டாம். கையால அள்ளுவோம். எல்லாரும் வாங்க" என்றாள்.

வந்தார்கள். ஏழு ஊரும் வந்தது. மின்னுகிற வளையல், மோதிரம், அரைஞாண் எல்லாம் கழற்றிவிட்டு, வெறுங்கையால் மண்ணை அள்ளி, வரிசையாகப் பாவையின் வாளுக்கு அடியில் நடந்தார்கள். ஒவ்வொருவர் கடக்கும்போதும் டக் என்று தலை குனிந்து அவர் கையைப் பார்க்கும். பிறகு அடுத்தவர் கை. டக். பிறகு அடுத்தவர். பகல் முழுக்க அந்தச் சத்தம்தான்.

ராஜாவும் வரிசையில் வந்தான். கிரீடம் இல்லை, உடைவாள் இல்லை. ஆனால் முடிசூட்டிய நாளில் மணிக்கட்டில் பூட்டிய வீரக்காப்பு? அது இருப்பதே அவனுக்கு மறந்துவிட்டது. மழையில் மண் கரைந்து பொன் மின்னியது.

டக். வாள் எழுந்தது.

ராஜா சிலைபோல நின்றுவிட்டான். பின்னால் வந்தவள் அணஞ்சாள். ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தால் போதும், அண்ணன் கணக்கு தீர்ந்திருக்கும். அந்த எண்ணம் அவளுக்கும் வந்தது, வரவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் கையிலிருந்த சேற்றை அப்படியே அவன் மணிக்கட்டில் அப்பினாள். வாள் அவன் தலைக்கு ஒரு சாண் மேலே நின்று, மெல்ல இறங்கியது.

ராஜா அவள் பக்கம் திரும்பினான். "ஏன்?" என்றான். அவன் வாழ்நாளில் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீங்களும் போயிட்டா நான் யார் வாசல்ல போய் நிக்கிறது?" என்றாள் அணஞ்சாள். "நடங்க. பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

பொழுது சாய்வதற்குள் வளை அடைபட்டது. யாரும் சொல்லாமலே மலையாண்டி பாவையின் மேல் ஏறி, இரண்டு படிகக் கண்ணையும் களிமண்ணால் மூடிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

மறுநாள் விடிந்ததும் அணஞ்சாள் அரண்மனைக்குப் போனாள். அவளுக்கு முன்பே ராஜா வாசலில் நின்றிருந்தான்.

"ஏன்?"

"ஏரியைக் காக்க" என்றான். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

இரண்டாம் நாள், "தெரியாமல் நடந்துவிட்டது" என்றான். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் அவன் வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்தான். "உன் அண்ணனைக் கொன்றது நான். உன்னை மாதிரி ஒருத்தி வந்து என்னைப் பார்ப்பாளே என்று பயந்து, பார்க்காமல் கொல்ல ஒரு வழி தேடினேன்" என்றான்.

ஒச்சன் செத்த நாளிலிருந்து அழாத அணஞ்சாள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். மன்னித்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள், அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மடைக்குப் பாவை கிடையாது, மனிதக் காவல்தான்.

பாவை மட்டும் களிமண் கண்ணோடு அந்தக் கரையிலேயே நின்றது. பெருமழை பெய்தால் கண்ணில் மண் கரையும். அதனால் மழை வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் வெறுங்கையோடு ஏறிப் பூசிவிட்டு வர வேண்டும். அந்த நாட்டு ராஜாக்களே முறைவைத்து ஏறினார்களாம்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: நம் வேலையைச் செய்ய எந்தப் பொறியை நிறுத்தினாலும், அது செய்ததற்கு முகம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.