மூன்றாவது வளைவில் நின்ற பல் டாக்டர்

டாக்டர் நஞ்சுண்டனின் வண்டி அன்று காலையில் நான்காவது முறையாகக் கவிழ்ந்தது.

ஒரு முழ நீளமுள்ள ரேஸ் வண்டி அது. தடித்த டயர் நாலு, ஒரு பாட்டரி, மேலே மஞ்சள் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் கூடு. ஓட்டுபவர் மேடையில் நின்று ரிமோட்டால் ஓட்ட வேண்டும். பீளமேட்டுக்கு அப்பால் ஒரு குடோனுக்குப் பின்னாலிருந்த காலி மனையில் செம்மண்ணைக் கொட்டி, மேடும் பள்ளமும் வளைவுமாகப் பாதை போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே ரேஸ்.

கவிழ்ந்த வண்டி நாலு சக்கரத்தையும் வானத்துக்குக் காட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தது.

"டாக்டர் வண்டி மறுபடியும் ரெஸ்ட் எடுக்குது," என்றார் கிளப் செயலாளர் செல்வநாயகம், மைக்கில்.

டாக்டருக்கு ஐம்பத்தொரு வயது. வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லி, பதில் பேச முடியாத ஆட்களிடம் பேசிக்கொண்டிருப்பவர். எல்லாம் தெரிந்தவராகவே இருந்து இருந்து அலுத்துப்போனவர். இந்த மண்ணில் மட்டும்தான் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அதனாலேயே ஞாயிறன்று அலாரம் வைக்காமல் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார்.

அந்த ஞாயிறு, சீசனின் கடைசி நாள். கிளப்பில் முப்பது பேருக்குத்தான் இடம். வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள். சீசனில் ஒரு ரேஸாவது எட்டு நிமிடமும் ஓடி முடிக்காதவர் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று விதி. டாக்டர் இதுவரை ஒன்றையும் முடிக்கவில்லை. ஒன்று, ஏதாவது உடையும். இல்லாவிட்டால் அவரே பாதியில் வண்டியைத் தூக்கிவந்து திருகாணியைக் கழற்ற உட்கார்ந்துவிடுவார். அவருக்கு மிச்சமிருந்தது மதியம் மூன்று மணி ரேஸ் ஒன்றுதான்.

அவர் வண்டியைத் தூக்கிக்கொண்டு நேராக சுகுணாவிடம் போனார்.

சுகுணா கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். நாற்பத்து மூன்று வயது. அந்த சீசனில் ஆறு ரேஸ் ஜெயித்தவர். மர ஸ்டூலில் உட்கார்ந்து டிபன் டப்பாவிலிருந்து தக்காளி சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சுகுணா, என் வண்டி எதுக்குங்க கவுறுது?"

"எங்கீங்க கவுந்துச்சு?"

"மொதல்ல குடோன் பக்கம். அப்புறம் அந்த நாலு மேட்டுல. அப்புறம் டயர் அடுக்கி வெச்ச எடத்துல. எல்லா எடத்துலயுந்தானுங்க."

"நடுவுல என்ன பண்ணுனீங்க?"

"மொதல் தடவை கவுந்ததும் பின்னாடி ஸ்பிரிங்கை மாத்துனேன். அடுத்து ஷாக் அப்சார்பர்ல எண்ணெயை மாத்துனேன். அப்புறம் டயரு."

"இன்னும் மாத்தாதது என்னங்க?"

டாக்டர் உண்மையாகவே யோசித்தார். "ரிமோட்டுங்க."

சுகுணா ஒரு வாய் சாதம் சாப்பிட்டார்.

டாக்டரின் சாமான்கள் பக்கத்து மேஜையில் பரப்பிக் கிடந்தன. கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தட்டில் ஸ்பேனர், திருப்புளி, பல் இடுக்கில் குத்தும் ஊசி எல்லாம் உயர வரிசையில் படுத்திருந்தன. பின்னால் ஷாக் எண்ணெய்ப் புட்டிகள் பதினான்கு. தண்ணீர்போல் ஓடுவதிலிருந்து தேன்போல் இழுபடுவதுவரை ஒவ்வொன்றும் ஒரு பதம். எந்தப் பதத்தை எப்போது ஊற்றுவது என்பதுதான் தெரியாது.

"உங்க வண்டி மட்டும் வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போகுது. ஒரு எடத்துலயாவது ஆடுதா? அதுல என்ன எண்ணெய் ஊத்தியிருக்கீங்க, அதை மட்டும் சொல்லீருங்க."

சுகுணா டப்பாவை மூடினார். "அடுத்த ரவுண்டு நான் ஓட்டறனுங்க. நீங்க மார்ஷல்தானுங்களே?"

டாக்டரின் முகம் சுருங்கியது.

ஒரு ரவுண்டு ஓட்டி முடித்தவர்கள் அடுத்த ரவுண்டில் மார்ஷலாக நிற்க வேண்டும். ஆளுக்கொரு வளைவு. கவிழ்ந்த வண்டியை ஓடிப்போய் நிமிர்த்திவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வெயில், புழுதி, முட்டியில் அடி. டாக்டர் சீசன் முழுவதும் அந்த வேலையை வேறு யார் தலையிலாவது கட்டிவிட்டு, பதிலுக்குப் பல் சுத்தம் செய்து கொடுத்துவந்தார். கிளப்பில் பாதிப்பேர் சிரித்தால் கண் கூசியது.

"ராஜரத்தினத்தை நிக்கச் சொல்லலாம்னு..."

"அவருக்குப் போன மாசமே ஈறு வரைக்கும் தேய்ச்சுட்டீங்க. மூணாவது வளைவுல நில்லுங்க டாக்டர்."

"எண்ணெய்?"

"அங்க நில்லுங்க."

மூன்றாவது வளைவில் நிழல் இல்லை. டாக்டர் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். மேடையிலிருந்து பார்த்தபோது பொம்மைபோலிருந்த வண்டிகள் இங்கே கல்லை வாரி முழங்காலில் அடித்துக்கொண்டு வந்தன. இரண்டாவது சுற்றில் ஒரு பச்சை வண்டி அவர் காலடியிலேயே மல்லாந்தது. டாக்டர் தூக்கினார். தூக்கியவர் கீழே வைக்காமல் அதன் அடிவயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டர்! எக்ஸ்ரே அப்புறம் எடுக்கலாம், கீழ வைங்க!" என்று மேடையிலிருந்து ஒரு அலறல்.

வைத்தார். அப்போது சுகுணாவின் நீல வண்டி வந்தது.

டாக்டர் வாயைத் திறந்தார்.

வெண்ணெயுமில்லை, கத்தியுமில்லை. வளைவின் நடுவில் அதன் உள்பக்கப் பின்சக்கரம் நாலு விரல் உயரம் தூக்கியது. அடிவயிறு மண்ணில் 'டங்' என்று இடித்தது. வண்டி கவிழலாமா வேண்டாமா என்று ஒரு கணம் ஆலோசித்தது. பிறகு தொப்பென்று விழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் ஓடியது.

ஏதோ கல் என்று நினைத்தார். அடுத்த சுற்றிலும் அதே இடம், அதே 'டங்'. பன்னிரண்டு சுற்று ஓடினார் சுகுணா. முதல் சுற்றைக் கவனிக்காத டாக்டர் எண்ணியது பதினொன்று. பதினொன்றும் அப்படித்தான். ரவுண்டில் முதலாவதாக வந்ததும் அந்த வண்டிதான்.

டாக்டர் கைக்குட்டை பறக்க ஓடினார்.

"சுகுணா! உங்க வண்டி கவுறப் போகுதுங்க!"

"எப்பங்க?"

"எல்லாச் சுத்துலயும்! மூணாவது வளைவுல ஒரு சக்கரம் இவ்வளவு தூக்குது. அடி மண்ணுல இடிக்குது."

"ஆமாங்க. சத்தம் மேடை வரைக்கும் கேக்குமே."

"தெரிஞ்சுமா விட்டு வெச்சிருக்கீங்க?"

சுகுணா பாட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இது பெரிய விஷயமே இல்லீங்க," என்றார் டாக்டர். அவருக்குக் குரலே மாறிவிட்டது. கிளினிக்கில் பேசும் குரல். "ஷாக்குல எண்ணெய் இன்னும் கொஞ்சம் கெட்டியா இருந்தா வண்டி இவ்வளவு சாயாது. சக்கரம் தூக்காது. அரை மணி நேர வேலை."

"நெசமாவா?"

"நெசமாங்க."

சுகுணா நீல வண்டியை அவர் பக்கம் தள்ளினார். "அப்படின்னா பண்ணுங்க. எனக்கும் பாக்கோணும்."

அதில் குத்தல் இல்லை. டாக்டர் தேடிப் பார்த்தார், இல்லை.

கைத்திறனில் டாக்டரைக் குறை சொல்ல முடியாது. நாலு ஷாக்கையும் கழற்றி, பழைய எண்ணெயை வடித்து, பஞ்சால் துடைத்து, புதியதை ஊற்றி, ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் மூடினார். சுகுணா மோவாயில் கைவைத்து உட்கார்ந்து பார்த்தார்.

சாப்பாட்டு நேரத்தில் பாதை காலியாக இருந்தது. சுகுணா மேடையேறினார். டாக்டர் மூன்றாவது வளைவுக்கு ஓடினார். இந்த முறை யாரும் சொல்லாமலேயே.

நீல வண்டி வந்தது. சாயவில்லை. சக்கரம் தூக்கவில்லை. நாலு டயரும் மண்ணில் ஒட்டிக்கொண்டு தண்டவாளத்தில் போவதுபோல் போனது. டாக்டர் கைதட்டினார்.

வண்டி அடுத்ததாக நாலு மேட்டுக்குப் போனது. வரிசையாக நாலு சிறு மேடு, அவ்வளவுதான். முதல் மேட்டில் பந்துபோல் துள்ளியது. இரண்டாவதில் இன்னும் உயரமாக. மூன்றாவது மேட்டில் அது இறங்கவே இல்லை. மூக்கு குத்தி, மூன்று உருளல் உருண்டு, கூடு பிளந்து டயர் அடுக்கில் போய் மோதியது.

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தவர்கள் பிரித்தபடி இருந்தார்கள். செல்வநாயகம் மைக்கை எடுத்தார். பிறகு அப்படியே வைத்துவிட்டார்.

டாக்டர்தான் ஓடிப்போய் நிமிர்த்தினார். மேடையடிக்கு வருவதற்குள் சட்டை நனைந்திருந்தது.

"சுகுணா, நான்..."

"நல்லாப் பண்ணியிருந்தீங்க டாக்டர். மூணாவது வளைவுல துளி ஆட்டமில்லை." சுகுணா பிளந்த கூட்டில் டேப்பை ஒட்டினார். "பழைய எண்ணெயையே ஊத்திருங்க."

ஊற்றினார். முடித்தபோது மணி இரண்டு பத்து. இனி அவருடைய வண்டி. டாக்டரின் கை தானாகத் தட்டிலிருந்த திருப்புளிக்குப் போனது.

சுகுணா தட்டின் மேல் ஒரு துண்டை விரித்தார். ஆபரேஷன் முடிந்த நோயாளியை மூடுவதுபோல.

"வண்டியை ஓட்டுங்க. கவுந்தா தூக்கி வெச்சு மறுபடி ஓட்டுங்க. எதையும் கழட்டாதீங்க."

"எத்தனை தடவைங்க?"

"பாட்டரி தீர்ற வரைக்கும்."

டாக்டர் ஓட்டினார். நாலு மேட்டில் கவிழ்ந்தது. விரல் நமைச்சல் எடுத்தது. நிமிர்த்தி வைத்து ஓட்டினார். குடோன் பக்கம் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டார். அங்கே ஒன்றும் ஆகவில்லை. டயர் அடுக்கையும் தாண்டியது. நாலு மேட்டில் கவிழ்ந்தது. மறுபடி நிமிர்த்தினார். மறுபடியும் நாலு மேடு. ஐந்தாவது தடவை கவிழ்ந்தபோது அவர் வண்டியை நிமிர்த்தாமல் நின்று பார்த்தார். ஐந்தும் இரண்டாவது மேடு. ஐந்தும் இடது பக்கம்.

கிளினிக்கில் வருகிறவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பக்கம் பூரா வலிக்குதுங்க," என்பார்கள். டாக்டர் வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியின் காம்பால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டே போவார். ஒரு பல்லில் தட்டும்போது ஆள் நாற்காலியிலிருந்து எழும்புவான். அந்த நொடியில் டாக்டருக்கு ஒரு சந்தோஷம் வரும். வெளியே சொன்னால் அடிக்க வருவார்கள், அப்படிப்பட்ட சந்தோஷம்.

அதே சந்தோஷத்துடன் ஓடிவந்தார்.

"நாலு மேடுங்க! ரெண்டாவது மேடு! இடது பக்கமா ஒதறுது!"

"சரிங்க."

"என்ன பண்ணட்டும்?"

"ரேஸுக்கு எவ்வளவு நேரமிருக்கு?"

"ஆறு நிமிஷம்."

"பாட்டரி மாத்துங்க."

பத்து வண்டிகள் கிளம்பின. முதல் சுற்றில் நாலு மேடு வந்ததும் டாக்டர் வேகத்தைக் குறைத்தார். தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போவதுபோல் ஒவ்வொரு மேடாக ஏறி இறங்கினார். மூன்று வண்டிகள் அவரைக் கடந்து போயின.

"டாக்டர், ஹாரன் அடிக்கட்டுங்களா?" என்றார் பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரர் பாலதண்டபாணி.

டாக்டர் வண்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாலு மேட்டைத் தாண்டியதும் அழுத்தினார். மற்ற இடமெல்லாம் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. அப்படியொரு வண்டி தன்னிடம் இருந்தது என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. நாலாவது நிமிடம், ஐந்தாவது, ஆறாவது. அவர் இதுவரை போயிராத நிமிடங்கள்.

ஏழாவது நிமிடத்தில் பாலதண்டபாணியின் வண்டி அவருக்குச் சற்றே முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு அமுக்கு டாக்டர். என்னைத் தாண்டிரலாம். கையில தெம்பில்லீங்களா?"

நாலு மேடு வந்தது. டாக்டரின் விரல் அமுக்கியது.

இரண்டாவது மேட்டில் வண்டி இடது பக்கம் உதறி எழுந்தது. இரண்டு சக்கரத்தில் நின்றது. மார்ஷல் ஓடிவர ஆரம்பித்துவிட்டார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது வண்டி எப்படியோ நாலு காலில் விழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு நகர்ந்திருந்தது.

அதன்பின் பாலதண்டபாணி சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை. கடைசிச் சுற்றிலும் நாலு மேட்டில் தூங்குகிற குழந்தையைத் தாண்டினார்.

சைரன் ஊதியது.

"ஒன்பதாவது இடம்," என்றது மைக். செல்வநாயகம் கொஞ்சம் நிறுத்தினார். "நஞ்சுண்டன். பத்து சுத்து. எட்டு நிமிஷமும் ஓடி முடிச்சுட்டாருங்கோ!"

பளிச்சென்ற பற்கள் அத்தனையும் விசிலடித்தன.

டாக்டர் வண்டியைக் குழந்தைபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். மீசையெல்லாம் செம்மண். சுகுணா கடைசி ரேஸுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

"முடிச்சுட்டனுங்க."

"பாத்தனுங்க."

"எடம் போகாதுங்க."

"போகாதுங்க."

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். இடது பின்சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்தார். மறுபடி சுற்றினார்.

"ஏனுங்க, அடுத்த சீசனுக்கு ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள இந்த நாலு மேட்டு ஒதறலை மட்டும் சரி பண்ணிட்டன்னா, அப்புறம் வண்டியில ஒரு கொறையும் இருக்காதுங்களே?"

மைக் சுகுணாவின் பெயரைக் கூப்பிட்டது. சுகுணா நீல வண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"பண்ணுங்க டாக்டர். பண்ணிட்டு, அந்தக் கொறை எங்க குடி போச்சுன்னு தேடுங்க. இப்போதைக்கு அட்ரஸாவது தெரியுது."