பச்சைப்புழு அளந்த மாப்பிள்ளை முழம்

அந்தக் காலத்தில் காட்டில் எல்லோருக்கும் பேச்சு வரும், அளவுதான் வராது. அவரவர் முழம் அவரவருக்கு.

கரடி கரியப்பனுக்குக் கல்யாணம். ஓடைக்கு அக்கரையில் பூக்கட்டும் அணில் வாலாயியிடம் ரெண்டு முழம் மல்லிகை மாலை சொல்லியிருந்தான். முகூர்த்தத்தன்று காலையில் மாலை வந்தது. வாலாயி தன் முழங்கையால் அளந்து கட்டியது. கரியப்பனின் கட்டைவிரலுக்குத்தான் போதும்.

மணப்பெண் கறாராகச் சொல்லிவிட்டாள். "கழுத்துல மாலை விழாம நான் மணையில உக்கார மாட்டேன்."

கரியப்பன் கையில் காப்புக் கட்டியாயிற்று. இனி எல்லை ஓடையைத் தாண்டக் கூடாது. வாலாயியோ பூவைப் போட்டுவிட்டு வரமாட்டாள். அவன் முழத்துக்கு ஒரு கொடியை வெட்டி மானிடம் கொடுத்தனுப்பினார்கள். மான் பாதி வழியில் அதைத் தின்றுவிட்டது. அடுத்த கொடியையும்தான். பசித்தால் அதுதான் என்ன செய்யும், பாவம்.

வெயில் ஏறியது. கரியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

மல்லிகை மாலையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த பச்சைப்புழு சொன்னது: "கொடியைத்தானே மான் மாமா திங்கிறாரு? கணக்கைத் திங்க முடியாதுல்ல. கையை நீட்டுங்க மாப்பிள்ளே."

அப்போதெல்லாம் அந்தப் புழுவுக்கும் உடம்பு நெடுகக் கால்கள். ஊர்ந்து பார்த்தால் நடுக்கால்கள் குறுக்கே புகுந்து கணக்கைக் குழப்பின. அவற்றை இறுக்கி மடக்கிக்கொண்டது. தலைப்பக்கம் ஊன்றிய இடத்துக்கே வாலை இழுத்து வைத்து வளைந்தது, பிறகு நிமிர்ந்தது. ஒரு வளைவுக்கு அங்குலம் என்று பெயரும் வைத்துக்கொண்டது. கரியப்பனின் முழம் பதினெட்டு அங்குலம். மான் முதுகில் ஏறி அக்கரைக்குப் போய் வாலாயியின் கையை அளந்தது. ரெண்டே அங்குலம்.

"மாப்பிள்ளை முழம் ஒண்ணுக்கு உன் முழம் ஒன்பது. ரெண்டு முழத்துக்குப் பதினெட்டாக் கட்டுக்கா."

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன" என்று முனகிக்கொண்டே வாலாயி கட்டினாள். மானை நம்பாமல் தானே தூக்கிக்கொண்டு ஓடினாள். உச்சி வேளைக்குள் மாலை மாற்றியாயிற்று. காடே கொட்டடித்துக் கூத்தாடியது.

மடக்கிய கால்கள் மறுபடி நீளவேயில்லை. "போனாப் போகுது, அதான் கல்யாணம் நடந்துருச்சே" என்று புழு விருந்து இலையை ஓரத்திலிருந்து கடிக்க ஆரம்பித்தது.

அன்று முதல்தான் அந்தப் புழு வளைந்து நிமிர்ந்து அளந்துகொண்டே நடக்கிறது. இலை நுனிக்கு வந்ததும் தலையைத் தூக்கி நாலாபக்கமும் துழாவும், அடுத்த மாப்பிள்ளை எங்கே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான் என்று.