கொம்புச் சீப்பு

மடகாஸ்கர் தீவின் தென்கோடியில், முள்காட்டுக்கு நடுவே வாழ்கிறவர்கள் அந்தந்த்ரோய் மக்கள். மழை அங்கே வழி தவறித்தான் வரும். அவர்களில் மஹாசோவா என்பவர் துக்கத்தை அறிந்தவர் என்று கேள்விப்பட்டு மரகதவல்லி அவரைத் தேடிப் போனாள்.

அந்தத் தீவின் துறைமுக ஊர் ஒன்றில் நெடுங்காலம் கடை வைத்திருந்தவள் அவள். தீவின் மொழி அவளுக்கு வரும். மகன் இறந்த பிறகு அவன் அறையைப் பூட்டியே வைத்திருந்தாள். மாலையில் திறந்து சற்று உட்காருவாள், மறுபடி பூட்டுவாள். அப்படியும் நினைவில் அவன் முகம் கலைந்துகொண்டே போனது. மிச்சத்தையாவது இழக்காமல் இருக்க என்ன செய்வது என்று கேட்கத்தான் வந்திருந்தாள்.

மஹாசோவா அவளைச் சில காலம் அங்கேயே இருந்துவிட்டுப் போகச் சொன்னார்.

சப்பாத்திக்கள்ளிப் பழத்தை மணலில் புரட்டி முள்ளை நீக்கித் தின்ன, அவர் மனைவிதான் கற்றுக்கொடுத்தாள். மரகதவல்லியின் உதட்டில் முள் ஏறியபோது விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நீ பழத்தைத் தின்கிறாயா, பழம் உன்னைத் தின்கிறதா?"

வறட்சி முற்றிய மாதத்தில் மஹாசோவாவின் மனைவி காய்ச்சல் கண்டு இறந்துபோனாள்.

வழக்கப்படி மாடுகளை வெட்டினார்கள். கொம்புகள் கல்லறைமேல் ஏறின. ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. இனி அவள் வாழ்ந்த வீட்டைக் கொளுத்தவேண்டும். படுத்த பாயும் சமைத்த சட்டியும் உள்ளேயே இருந்தன. ஒன்றையும் யாரும் வெளியே எடுக்கவில்லை.

மரகதவல்லிக்குத் தாளவில்லை. பின்பக்கப் பலகையை நெகிழ்த்திக் கையை விட்டாள். மாட்டுக்கொம்பில் செதுக்கிய சீப்பு ஒன்று அகப்பட்டது. எடுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

சின்ன மரவீடு. எரிய நேரமாகவில்லை. கூரை விழுந்ததும் உறவுக்காரர்கள் திரும்பிப் பாராமல் நடந்தார்கள். மஹாசோவா மட்டும் கனலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மரகதவல்லி அருகே போய்ச் சீப்பை நீட்டினாள்.

"உங்களுக்காகத்தான் எடுத்தேன், ஐயா. ஒன்றுமே இல்லாமல் எப்படி இருப்பீர்கள்?"

அவர் வாங்கிக்கொண்டார். பல்லிடுக்கில் நரைமுடி சிக்கியிருந்தது. அதை விரலால் நீவினார். முகர்ந்து பார்த்தார். அவர் உதடு கோணியது.

"விட மனம் வரவில்லை அம்மா," என்றார்.

"வைத்துக்கொள்ளுங்களேன். யார் வந்து கேட்கப்போகிறார்கள்?"

அவர் எழுந்தார். கனல் சிவந்து கிடந்த இடமாகப் பார்த்துக் குனிந்து, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் சீப்பை வைத்தார். கொம்பு கருகும் நாற்றம் எழுந்தது.

மரகதவல்லி பதறிப்போனாள். மனைவியை மறந்துவிடத்தான் இத்தனையுமா என்று கேட்டாள்.

மஹாசோவா திரும்பி அவளைப் பார்த்தார்.

"அங்கே போய் அவள் எதை வைத்துத் தலை வாருவாள்?"