முழுப்பரீட்சை லீவு

இசக்கிமுத்து கணக்கு வாத்தியார். பள்ளிக்கூட நாட்களில் ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்து வெளியூர் போய்விடுவார். மகன் முகிலன் அப்போது தூங்கிக்கொண்டிருப்பான். முழுப்பரீட்சை லீவு விட்டால்தான் அப்பாவும் பிள்ளையும் காலை வேளையில் ஒரே வீட்டில் இருப்பார்கள்.

லீவு விட்ட பத்தாம் நாள் அவர் ஆற்றங்கரை மடத்துக்குப் போனார். அங்கே இருந்த சிவகாமி அம்மையாரிடம்தான் அவர் ஏழு வருடமாக உபதேசம் கேட்டு வந்தார்.

“என்ன, முகம் வாடியிருக்கு?” என்றார் அம்மையார்.

“பள்ளிக்கூடம் எப்ப திறப்பாங்கன்னு எம் பையன் அவங்க அம்மாகிட்ட கேட்டிருக்கான். அது வரைக்கும் மாமா வீட்டுல போய் இருக்கட்டுமான்னும் கேட்டிருக்கான்.”

“ஒன்பது வயசுப் பையனுக்கு லீவு அதுக்குள்ள கசந்துட்டா?”

“லீவு கசக்கலம்மா. நான் கசந்துட்டேன்.”

அம்மையார் அவரை உட்காரச் சொன்னார்.

“விடிஞ்சா கத்துறேன். சில நாள் அவனைக் கை நீட்டி அடிச்சும்புடுறேன். இத்தனை வருஷம் உங்க முன்னால உட்கார்ந்தும் எனக்குப் பொறுமை வரல. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

“நாளைக்கு உங்க ஊர் வழியாத்தான் போறேன். இன்னைக்கே உங்ககூட வந்து ராத்திரி உங்க வீட்டுல தங்கிக்கிடலாமா?”

இசக்கிமுத்துவுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. அம்மையார் இதுவரை யார் வீட்டிலும் தங்கியதில்லை.

மறுநாள் காலை அந்த வீடு, லீவு நாட்களுக்கென்று இசக்கிமுத்து வைத்திருந்த ஒழுங்குப்படியே ஓடியது. முகிலன் ஐந்தரைக்கு எழுந்து பாயைச் சுருட்டினான். பல் தேய்த்தான். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை ஒருமுறை தப்பாகவும் ஒருமுறை சரியாகவும் சொன்னான். ஒரு பக்கம் கையெழுத்து எழுதினான். யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. அவனும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அம்மையார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு மணிக்கு இசக்கிமுத்துவின் மனைவி செண்பகம் காபி கொண்டுவந்தாள். அம்மையார் ஆற்றும்போது கை தவறியது. காபி அவர் விரல்களில் பட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த இசக்கிமுத்துவின் வெள்ளை வேட்டியில் கொட்டியது.

“ஐயோ, சுட்டிருச்சாம்மா?” என்று பதறினார் அவர்.

“வேட்டி வீணாப் போச்சே.”

“வேட்டி கிடக்கட்டும், துவைச்சுக்கிடலாம். கையைக் காட்டுங்க.”

இசக்கிமுத்துவே துணி எடுத்துத் தரையைத் துடைத்தார். வேறு காபி போடச் சொன்னார்.

பிறகு எல்லோரும் இட்லி சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மையாருக்குத் தன் கையால் சாம்பார் ஊற்ற வேண்டும் என்று முகிலனுக்கு ஆசை. அடுக்களையிலிருந்து கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். வாசற்படி தடுக்கியது. சாம்பார் தரையெல்லாம் சிதறியது.

“ஏல, கண்ணைப் பிடரியிலயா வச்சிருக்க?”

இசக்கிமுத்துவின் கை உயர்ந்துவிட்டது. அம்மையார் இருப்பது நினைவு வந்து பாதியில் நின்றது. செண்பகம் கரண்டியோடு அப்படியே நின்றாள். முகிலன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அழவில்லை.

அம்மையார் எழுந்து போய் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“சுட்டிருச்சாய்யா?”

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்புறம் மெல்ல இடது காலைத் தூக்கிக் காட்டினான். புறங்கால் சிவந்து போயிருந்தது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. வந்தது நிற்கவே இல்லை. செண்பகம் அவனைத் தூக்கிக்கொண்டு புறவாசல் குழாயடிக்கு ஓடினாள்.

இசக்கிமுத்து சாம்பாரை மிதித்துக்கொண்டு நின்றார்.

ஒன்பதரை மணிக்கு அம்மையாரை வழியனுப்ப அவர் பஸ் நிறுத்தம் வரை கூடப் போனார். பாதி வழியில் அவரே பேச்சை எடுத்தார்.

“நீங்களே பார்த்துட்டீங்க. பொறுமைங்கிறது எனக்குள்ள இல்லவே இல்லம்மா.”

“என் கை தவறினப்ப பல்லைக் கடிச்சுக்கிட்டா பொறுத்தீங்க?”

“இல்லம்மா. எனக்குக் கோபமே வரல.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “நீங்க விருந்தாளி” என்றார்.

நிறுத்தத்து வேப்பமர நிழலில் இருவரும் நின்றார்கள்.

“முகிலன் வளர்ந்து என்ன செய்வான்?” என்று கேட்டார் அம்மையார்.

“பன்னெண்டாவது முடிச்சதும் வெளியூருக்குப் படிக்கப் போவான். அப்புறம் வேலை. அதுவும் இந்த ஊர்ல கிடைக்காது.”

“வீட்டுக்கு வருவானா?”

“வராம இருப்பானா? லீவுக்கு வருவான்.”

“வந்தா எத்தனை நாள் இருப்பான்?”

“நாலு நாள். மிஞ்சினா அஞ்சு நாள்.”

“அந்த நாலு நாளும் அவனை எப்படி வச்சுக்கிடுவீங்க?”

“விருந்தாளி மாதிரி...” என்று சிரித்தபடி சொல்லத் தொடங்கினார் இசக்கிமுத்து. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

பஸ் வந்தது. அம்மையார் ஏறிக்கொண்டார். பஸ் கிளம்பியதும் இசக்கிமுத்து முகிலனின் காலைப் பார்க்க வீட்டுக்கு வேகமாக நடந்தார்.