சூரியன் முகத்தில் அப்பிய மண்

அந்தக் காலத்தில், காக்கையும் கல்லும்கூட வாய் திறந்து நியாயம் பேசிய காலத்தில், சூரியன் முகத்தில் ஒரு புள்ளி கிடையாது. அதனால் அவனுக்கு வந்த திமிர் இருக்கிறதே, அப்பப்பா! உச்சிவேளை ஆனால் போதும், தன் அழகைத் தானே பார்த்து மயங்க வானத்தை விட்டு இறங்கி ஊருணிக்கு வந்துவிடுவான். பார்த்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை. ஊரே குடிக்கிற தண்ணீர் அது. செருப்பைக் கழற்றாமல் ஒருத்தரும் கரை ஏற மாட்டார்கள். இவனோ அதில் இரண்டு காலையும் தொங்கப்போட்டு உட்கார்ந்து, வயிறு முட்டக் குடித்துவிட்டுத்தான் கிளம்புவான்.

"பெரிய இடம், நமக்கெதுக்கு வம்பு" என்று ஊர் வாயை மூடிக் கிடந்தது. ஊருணி நாளுக்கு நாள் சேறானது.

அந்தக் கரையோரம் கரிமூட்டம் போட்டு, விறகைக் கரியாக்கி விற்றுப் பிழைத்தவள் ஒச்சாயி. அவள் மகள் மயிலி அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். பெற்றவளுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை, பால் ஊறவில்லை. பச்சைப்பிள்ளை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தது. ஒச்சாயி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். நடுக்குழியில் ஒரு குடம் தண்ணீர்தான் மிச்சம். அதிலும் சூரியனின் கால்.

"காலை எடு" என்றாள்.

சூரியன் சிரித்தான். "யாரிடம் பேசுகிறாய் தெரியுமா? சுட்டுக் கரியாக்கிவிடுவேன்."

"ஏற்கெனவே கரியாத்தான் நிக்கிறேன். நீ புதுசா என்னத்தைக் கிழிக்கப்போற? எடுடா காலை!"

வேப்பமரத்துக் காக்கைக்கு உதறல் எடுத்தது. "வேணாம் ஆத்தா. கும்பிட்டுக் கேளு, மனசு இரங்குவாரு."

"ஆமாம், கும்பிடு" என்றான் சூரியன். "தினம் ஒரு குடம் விட்டுவைக்கிறேன்."

ஒச்சாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாங்க வெட்டுன ஊருணி. எங்க தண்ணியை எங்களுக்கே நீ அளந்து குடுப்பியோ? அங்க பிள்ளை நாக்கு வறண்டு சாகுது, இங்க உனக்கு மூஞ்சி பாக்கணுமோ?"

குடத்தைக் கீழே வைத்தாள். கரித்தூளை அள்ளிச் சேற்றில் கொட்டிப் பிசைந்தாள். மூட்டத்துக்கு மேலே அவள் அன்றாடம் பூசுகிற மண் அது. உள்ளே விறகு நாள்கணக்கில் கனன்றாலும் அந்தப் பூச்சு பொசுங்காது. நெருப்பை அடக்குகிற மண் எது என்று அவளுக்குத் தெரியாதா? முகம் பார்க்கக் குனிந்தவன் கன்னத்திலும் நெற்றியிலும் உருண்டை உருண்டையாக அப்பினாள். கை வெந்து தோல் உரிந்தது. அவள் நிறுத்தவில்லை.

சூரியன் அலறிக்கொண்டு வானத்துக்கு ஓடினான். மூடிய நெருப்பு சும்மா இருக்குமா? மூட்டத்து மண் வெடித்தால் தீ பீறிடுமே, அப்படிப் புள்ளி விழுந்த இடத்தைச் சுற்றியெல்லாம் சீறினான். ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. ஒச்சாயி மட்டும் வெந்த கையால் தண்ணீரை மொண்டு, தெளியவைத்து, மகளுக்குக் குடிக்கக் கொடுத்தாள். அன்று பொழுது சாயும்போது பிள்ளை வயிறாரப் பால் குடித்துத் தூங்கியது.

சூரியன் முகத்தைத் தேய்த்தான், தேய்த்தான், பத்துப் பதினோரு வருஷம் தேய்த்தான். மண் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து முகம் வெளுத்தது. கோபம் தணிந்தது. புத்தி வந்ததா என்றால் அதுதான் இல்லை. பழைய ஆசைதான் வந்தது. மெல்லக் கீழே எட்டிப் பார்த்தான்.

காக்கை பதறிப் பறந்து வந்தது. "ஆத்தா, மறுபடியும் இறங்குறாரு!"

"இறங்கட்டும். மண்ணு தீந்தா போச்சு?" என்றாள் ஒச்சாயி. கரையைச் சுற்றி ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் முழங்கை வரை சேற்றோடு நின்றார்கள். வாயை மூடிக் கிடந்த அதே ஊர்தான்.

அன்று முதல்தான் சூரியன் முகத்தில் கரும்புள்ளி விழுவதும், அவன் கொந்தளித்துச் சீறுவதும், பத்துப் பதினோரு வருஷத்தில் புள்ளி உதிர்ந்து அடங்குவதும், ஆசை தாங்காமல் எட்டிப் பார்த்து மறுபடி வாங்கிக் கட்டிக்கொள்வதும். ஆனால் ஊருணியில் கால் வைக்கிற துணிச்சல் மட்டும் அவனுக்கு இன்றுவரை வரவில்லை.